ஆபரேஷனுக்கு முந்தி இன்னொரு டாக்டர்: கேள்வி-பதில்

மேலூர் பக்கமிருந்து ஒரு மகன்: அம்மாவுக்கு 61 வயசு. கேம்ப்ல எக்ஸ்ரே பாத்துட்டு ரெண்டு முட்டியும் மாத்தணும்னுட்டாங்க. இந்த மாசத்துக்குள்ள பண்ணா தள்ளுபடியாம், 20,000 அட்வான்ஸ் கட்டிட்டோம். இனிமே வேற டாக்டர்ட்ட காட்டலாமா?

கட்டிட்டு வந்து கேக்குறீங்களே தம்பி. சரி, காட்டுங்க, தாராளமா காட்டுங்க. முட்டி மாத்துறத ரெண்டு மாசம் தள்ளிப்போட்டா ஒண்ணும் குடி முழுகிறாது. எக்ஸ்ரே நிக்க வச்சு எடுத்தாங்களா, படுக்க வச்சா? படுத்திருந்தா உடம்பு பாரம் முட்டியில இறங்காது, தேய்மானம் எவ்வளவுன்னு சரியா தெரியாது. அம்மா எவ்வளவு தூரம் நடக்குறாங்க, ராத்திரி வலியில முழிக்கிறாங்களா, பிசியோ எத்தன மாசம் பாத்தாச்சுன்னு ஒரு வார்த்த கேக்காம படத்த மட்டும் பாத்து நாள் குறிச்சிருந்தா கண்டிப்பா இன்னொருத்தர்ட்ட போகணும். அட்வான்ஸ எழுதிக் குடுத்து திருப்பிக் கேளுங்க, இழுத்தடிச்சா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போடுங்க. தள்ளுபடில பர்னிச்சர் வாங்கலாம்யா, முட்டி வாங்கக்கூடாது.

உசிலம்பட்டி: ராத்திரி 11 மணிக்கு பையனுக்கு குடல்வால் வெடிக்கிற நெலமன்னு உடனே ஆபரேஷன் பண்ணிட்டாங்க. செகண்ட் ஒப்பீனியன் கேக்காம விட்டது தப்பா?

இல்ல. பையன் நல்லாருக்கான்ல, விடுங்க.

திருமங்கலம் வாசகி: வயசு 43. பீரியட்ஸ் ரொம்பப் போகுது, ஸ்கேன்ல நார்க்கட்டி. கர்ப்பப்பைய எடுத்துரணும், விட்டா கேன்சர் ஆயிரும்ங்குறாங்க. வேற டாக்டர பாக்கலாம்னு ஃபைல் கேட்டா, "அட்மிஷன் போட்டாத்தான் ஃபைல்"ங்குறாங்க கவுன்ட்டர்ல.

தங்கச்சி, இத கேட்டாலே எனக்கு ரத்தம் ஏறுது, அதனால கொஞ்சம் நீளமாத்தான் போகும். ஸ்கேனுக்கு காசு யாரு குடுத்தா? நீங்க. உடம்பு யாரோடது? உங்களோடது. அப்புறம் அந்த ஃபைல அவங்க பீரோவுல எதுக்கு பூட்டி வைக்கிறாங்க? நீங்க இன்னொரு வாசல் ஏறிறக்கூடாதுன்னு தான். மெடிக்கல் கவுன்சிலோட 2002 விதியிலயே நோயாளி ரெக்கார்டு கேட்டா 72 மணி நேரத்துல குடுக்கணும்னு தெளிவா இருக்கு. வாயால கேக்காதீங்க, வெள்ளைப் பேப்பர்ல தேதி போட்டு எழுதுங்க, ஒரு காப்பியில சீல் வாங்குங்க, வாங்க மாட்டேன்னா ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. ரிப்போர்ட் மட்டும் பத்தாது, ஸ்கேன் படம், சிடி எல்லாம் வேணும், திசு எடுத்து டெஸ்ட் பண்ணிருந்தா அந்த சிலைடும், மெழுகுல பதிச்சு வச்ச திசு பிளாக்கும் வேணும், ஏன்னா அடுத்த டாக்டர் மொத டாக்டரோட முடிவ பாக்கக்கூடாது, மூலத்த பாக்கணும்.

அந்த கேன்சர் மிரட்டல் இருக்கே, நார்க்கட்டி கேன்சரா மாறுறது ரொம்ப ரொம்ப அபூர்வம். எனக்கு ஒருத்தன் வாட்டர் ஃபில்டர் வித்தான், குழாத்தண்ணியில ரெண்டு கம்பிய விட்டு கரன்ட் குடுத்து செங்காவி கலரா நுரைக்க வச்சு "இதத்தான் சார் உங்க பிள்ளைங்க குடிக்குது"ன்னான், அந்த கலரு கம்பியோட இரும்பு கரைஞ்சு வர்றதுன்னு காசு குடுத்தப்புறம் தான் தெரிஞ்சுச்சு, அந்த மெஷின் இன்னும் பரண்ல கெடக்கு. பயமுறுத்தி விக்கிறதெல்லாம் அந்த ஜாதி தான். அதுக்காக சும்மாவும் இருந்துறாதீங்க, ரத்தப்போக்குக்கு காரணம் பாக்கணும், ஹீமோகுளோபின் பாக்கணும். மாத்திரை, கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற ஹார்மோன் காயில், கட்டிய மட்டும் எடுக்குறது, இத்தன வழி இருக்கு, எனக்கு ஏன் இது எதுவும் ஆகாதுன்னு கேளுங்க.

அடுத்து எங்க போறதுன்னா, மொத டாக்டர் சீட்டு எழுதிக் குடுக்குற எடத்துக்கு மட்டும் போகாதீங்க. மதுரை கோரிப்பாளையம் கவர்மென்ட் பெரியாஸ்பத்திரி ஓ.பி.க்கு காலையில வெள்ளனப் போங்க, கூட்டத்துல நிக்கணும் தான், ஆனா உங்கள ஆபரேஷன் பண்ணி அங்க யாரும் பில்லு போடப்போறதில்ல. அங்க பாத்தவரே "சாயங்காலம் என் கிளினிக்குக்கு வாங்க"ன்னா, அப்ப திரும்பவும் எனக்கு எழுதுங்க.

செல்லூர்: முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்ட வாட்ஸப்ல சொந்தக்கார டாக்டருக்கு அனுப்பினேன். ஆபரேஷன் வேணாம்னுட்டார். போதும்ல?

போதாது. அவரு என்ன டாக்டர்? தோல் டாக்டர்னா அதும் ஒரு ஒப்பீனியன் தான். டிஸ்க் வலி பல பேருக்கு ஆபரேஷன் இல்லாமயே அடங்கும், அது உண்ம. ஆனா கால்ல பலம் கொறையுது, ஒண்ணுக்கு வரல, உக்கார்ற எடம் மரத்துப்போச்சுன்னா ஒப்பீனியன் தேடாம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். நேர்ல போயி காலத் தூக்கிக் காமிங்க சார்.

சிலைமான்: நடந்தா அப்பாவுக்கு நெஞ்சு இறுக்கும்னு, இதயக் குழாய்ல அடைப்பு இருக்கான்னு பாக்குற ஆஞ்சியோ டெஸ்ட்டுக்குப் போனோம். அவர உள்ள படுக்க வச்சுட்டு வெளிய வந்து, "ரெண்டு அடைப்பு, அஞ்சு நிமிசத்துல சொல்லுங்க, குழாய விரிச்சு வைக்கிற ஸ்டென்ட் வைக்கணும்"னாங்க. பயந்து சரின்னுட்டோம். ஏமாந்துட்டமா?

உங்க மேல தப்பே இல்ல. பச்சக் கவுனோட ஒருத்தர் வந்து அஞ்சு நிமிசம் குடுத்தா எந்தப் பிள்ள வேணாம்னு சொல்லும்? ஹார்ட் அட்டாக் வந்தவருக்கு உடனே வைக்கிறது தான் சரி, அதுல பேச்சே இல்ல. ஆனா நடந்தா இறுக்கி நின்னா விடுதுன்னு மாசக்கணக்கா ஒரே மாதிரி இருக்குறவங்கள்ல நெறைய பேருக்கு மாத்திரையிலயே ஓட்டலாம், அவங்களுக்கு ஸ்டென்ட் வலியக் கொறைக்கும், ஆயுசக் கூட்டலன்னு 2007லயும் 2020லயும் வந்த பெரிய ஆய்வுகள் சொல்லிருச்சு. இடது பக்க மெயின் குழாயில அடைப்புன்னா அது வேற. உங்க அப்பாவுக்கு எதுன்னு ஆஞ்சியோ சிடிய வாங்கி இன்னொரு இதய டாக்டர்ட்ட காட்டுனாத்தான் தெரியும். டெஸ்ட்டுக்குன்னு வாங்குன சம்மதம் ஆபரேஷனுக்கு ஆகாதுன்னு 2008லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு, அதனால நீங்க எதுல எப்பக் கையெழுத்து போட்டீங்கன்னு காப்பி வாங்குங்க. 2017லருந்து ஸ்டென்ட்டுக்கு உச்ச விலை உண்டு, பில்லுல கம்பெனி, பேட்ச் நம்பர், வெல தனியா இருக்கான்னு பாருங்க. கோவத்துல அப்பாவோட ரத்தம் உறையாத மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க, அது ஆபத்து.

வாடிப்பட்டி: பாலிசி எடுத்து எட்டு மாசம். "முட்டி ஆபரேஷன் மொத நாள்லருந்தே கவர்"னு சொல்லித்தான் ஏஜென்ட் வித்தார். இப்ப வெயிட்டிங் பீரியட்னு க்ளெய்ம தள்ளிட்டாங்க.

பாவம்ங்க நீங்க. முட்டி, ஹெர்னியா, கண்புரை இதுக்கெல்லாம் பெரும்பாலும் ரெண்டு வருசம் காத்திருக்கச் சொல்வாங்க, அது பாலிசிக்குள்ள பொடி எழுத்துல இருக்கும், ஏஜென்ட் வாயில இருக்காது. அவரு அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிச்சுறாதீங்க. மொதல்ல கம்பெனிக்கு புகார், 30 நாள்ல சரியான பதில் இல்லன்னா இன்சூரன்ஸ் புகார விசாரிக்கிற சென்னை ஓம்புட்ஸ்மேன்ட்ட போங்க, கட்டணம் கெடையாது.

அண்ணாநகர்: வேற டாக்டர பாத்தா எங்க டாக்டர் கோச்சுக்குவாரோன்னு யோசனையா இருக்கு.

கோச்சுக்கட்டும்.