பிரெஞ்சுப் புதுச்சேரியாலும் மாஹேயாலும் ஆங்கிலேயருக்கு என்ன ராணுவ ஆபத்து இருந்தது?

இவ்வளவு பெரிய ஆங்கிலேய ஆதிக்கம் விரல்விட்டு எண்ணக்கூடிய பிரெஞ்சுத் துண்டு நிலங்களுக்கு ஏன் அஞ்ச வேண்டும் என்பது கேள்வி. அங்கிருந்த படையைவிட அங்கிருந்த கடற்கரையே அவர்களை உறுத்தியது என்பேன். எதிரியின் கப்பல் வந்து ஆளையும் துப்பாக்கியையும் இறக்க ஓர் இடம் கிடைத்துவிட்டால், உள்நாட்டில் பகைகொண்ட அரசர் எவருக்கும் அது வாசலாகிவிடும். மாஹே இதற்குத் தெளிவான சான்று: மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்கு வேண்டிய ஐரோப்பிய ஆயுதங்கள் அந்தச் சிறு துறைமுகம் வழியாக வந்துகொண்டிருந்தன, 1779இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றியது, மறு ஆண்டு அவர் ஆங்கிலேயரின் பாதுகாப்பில் இருந்த ஆர்க்காட்டுப் பகுதிமீது படையெடுத்ததற்கு ஒரு முக்கியக் காரணமாயிற்று. சிறு ஆபத்தை அகற்றப்போய்ப் பெரிய ஆபத்தை வரவழைத்துக்கொண்டார்கள்.

இத்தகைய நிலம் அதை வைத்திருப்பவருக்கும் சுமைதான். கடல்வழி உதவி அற்றுப்போன புதுச்சேரி 1761, 1778, 1793 ஆகிய ஆண்டுகளில் முற்றுகைக்குப் பின் வீழ்ந்தது. முதல் முறை கோட்டையையும் நகரையும் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

இறுதியில் 1814ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, திருப்பித் தரப்படும் இந்தியப் பகுதிகளில் பிரான்சு அரண் எதுவும் எழுப்பக் கூடாது, காவலுக்குத் தேவையான அளவுக்கு மேல் படை வைக்கக் கூடாது என்று விதித்தது. 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்தாலும், பல் பிடுங்கப்பட்ட அந்தத் துறைமுகங்கள் ஆங்கிலேயரின் தூக்கத்தை அதன்பின் பெரிதாகக் கெடுக்கவில்லை.