அப்பச்சி வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி

கேள்வி: அப்பச்சி (என் அப்பா) காலமாகிவிட்டார். அவர் பெயரில் லைசென்ஸ் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி துருப்பிடித்து பெட்டகத்தில் கிடக்கிறது. குழலை அறுத்துக் குறைத்து முகப்பில் மாட்டலாமா? என் பெயருக்கு மாற்ற முடியுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: அறுக்கவே கூடாது. உரிய உரிமமில்லாமல் குழலைக் குறைப்பது 1959 ஆயுதச் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி குற்றம். துருப்பிடித்ததாலேயே சட்டத்திலிருந்து விலக்கு கிடைக்காது. 45-வது பிரிவைப் பாருங்கள்: பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் விலக்கு. துருவைத் தேய்த்து ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால், அது துப்பாக்கிதான். பலரும் சறுக்குவது இங்கேதான்.

லைசென்ஸ் அப்பச்சியோடு போயிற்று. இன்று துப்பாக்கி வீட்டில் இருப்பதே தவறு. முதலில் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத டீலரிடமோ ஒப்படையுங்கள், பழைய தோட்டாக்களையும் சேர்த்து. ரசீதில் தயாரிப்பாளர் பெயர், குழல் அளவு, துப்பாக்கி எண் மூன்றும் லைசென்ஸில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். ஓர் எண் பிசகினாலும் பிறகு அலைச்சல்தான்.

அடுத்து, 2016 ஆயுத விதிகளின் 25-வது விதிப்படி வாரிசாகக் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அசல் லைசென்ஸ், உடன்பிறந்தோர் சம்மதம் எல்லாம் தயாராக இருக்கட்டும். ஏற்கெனவே உங்களிடம் இரண்டு துப்பாக்கி இருந்தால் இது கிடைக்காது. 2019 திருத்தத்துக்குப் பின் வாரிசுக்கும் அதுவே உச்சவரம்பு.