படுத்த படுக்கையாக இருப்பவர்களும் நர்ஸ்களும்: கேள்வி பதில்

ஏஜென்சி அனுப்பிய ஹோம் நர்ஸ் அம்மாவை அடிக்கிறாரோ என்று சந்தேகம். நர்சிங் கவுன்சிலில் புகார் கொடுக்கலாமா? (பெரம்பூர்)

முதலில் அவர் நர்ஸ்தானா என்று பாருங்கள். ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் படித்து, தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ஹோம் நர்ஸ் என்று சொல்லி வருபவர்களில் பலர் குறுகிய பயிற்சி மட்டும் எடுத்த அட்டெண்டர்கள். கவுன்சில் 1926-ஆம் வருடச் சட்டத்தில் அமைந்தது. பதிவேட்டில் உள்ளவரின் பெயரைத்தான் அதனால் நீக்க முடியும். அட்டெண்டர் என்றால் நேரே போலீஸ். பதிவு பெற்ற நர்ஸ் அடித்தாலும் போலீஸ்தான் முதலில், கவுன்சில் அதற்குப் பிறகு.

மேல்கையின் உட்புறம் விரல் நுனி அளவில் வரிசையாகக் கன்றல் இருந்தால் யாரோ அழுத்திப் பிடித்திருக்கலாம். முழங்கால், முன்கைக் காயங்கள் தடுக்கி விழுந்தாலும் வரும். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு லேசாக இடித்தாலே கன்றும். ஸ்கேலை ஒட்டி வைத்துப் போட்டோ எடுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ஏ.ஆர். (விபத்துப் பதிவேட்டில் பதிவு) போடச் சொல்லி நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை அந்த ஆளிடம் சத்தம் போடாதீர்கள், அம்மாவை அவரோடு தனியாகவும் விடாதீர்கள்.

நர்ஸ் வந்ததிலிருந்து அப்பா பகலெல்லாம் தூங்குகிறார். மாத்திரை கொடுத்துத் தூங்க வைக்கிறாரா? (வேளச்சேரி)

இருக்கலாம். ஆனால் சந்தேகப்படும் முன் குளுக்கோமீட்டரை எடுங்கள். சர்க்கரை இறங்கினாலும், சோடியம் குறைந்தாலும், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் வயதானவர்கள் இப்படித்தான் மயங்கிக் கிடப்பார்கள்.

இன்சுலின் போடுகிறார் என்றால் குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் உள்ள குப்பிக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 50 யூனிட். உயிரே போகும். மாற்றி எடுத்தால் 8 யூனிட்தான் போகும், சர்க்கரை ஏறும்.

அதெல்லாம் சரியாக இருந்தால் மாத்திரை அட்டைகளை எண்ணுங்கள். தூங்க வைப்பவை லோராசெபாம், குளோனாசெபாம், குவெட்டியாபின், இவற்றோடு யாரும் சந்தேகிக்காத அலர்ஜி மாத்திரை ஏவிலும் சேர்த்தி. பேச்சுக் குழறல், வாய் வறட்சி, எழுந்தால் தள்ளாட்டம், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றைத் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் அன்றே கேளுங்கள், நாள் தள்ளினால் தடயம் போய்விடும். பல நாள் கொடுத்த தூக்க மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம்.

பதிவு எண்ணை எப்படிச் சரிபார்ப்பது? (தாம்பரம்)

அசல் பதிவுச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துப் பெயர், போட்டோ, புதுப்பித்த தேதி பாருங்கள். சந்தேகமிருந்தால் சாந்தோமில் உள்ள கவுன்சில் அலுவலகத்தில் கேளுங்கள். ஜெராக்ஸை நம்பாதீர்கள்.

மருத்துவமனையில் பெட்சோர் (படுக்கைப்புண்) வந்தது. நர்ஸின் தவறா? (அம்பத்தூர்)

எல்லாப் பெட்சோரும் அலட்சியத்தால் வருவதில்லை. ரத்த ஓட்டமும் புரதமும் குறைந்தவர்களுக்கு நன்றாகக் கவனித்தாலும் வரும். பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்து சார்ட்டில் எழுதுவார்கள். அந்த சார்ட்டை ஸ்கேனுக்குப் போன நேரத்தோடு ஒப்பிடுங்கள். நோயாளி சி.டி. அறையில் இருந்த மணிக்கு வார்டில் இடப்பக்கம் திருப்பியதாக எழுதியிருந்தால், அது பார்க்காமல் நிரப்பிய சார்ட். அதுதான் தொழில் ஒழுங்கீனம். காப்பி கையில் வரும்வரை வார்டில் சண்டை போட வேண்டாம், சார்ட் திருத்தப்படும்.

ஐ.சி.யூ.வில் அப்பாவின் இரண்டு கைகளையும் கட்டியிருந்தார்கள். (மயிலாப்பூர்)

டாக்டர் எழுதிய உத்தரவு, காரணம், கட்டிய நேரம், அவிழ்த்த நேரம் நான்கும் கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். கட்டுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். கயிறு கட்டிலின் சட்டத்தில் இருக்க வேண்டும், ஏற்றி இறக்கும் கம்பியில் இருக்கக் கூடாது. விரல்கள் குளிர்ந்தோ நீலமாகவோ இருந்தால் உடனே அவிழ்க்கச் சொல்லுங்கள்.

நான் ஐ.சி.யூ. ஸ்டாஃப் நர்ஸ். கட்டாவிட்டால் டியூப்பைப் பிடுங்கிவிடுவார்கள். அப்போதும் எங்களைத்தான் கேட்பீர்கள். (போரூர்)

டியூப்பைப் பிடுங்குவார்கள் என்பது உண்மை. கட்டிய கையோடும் பிடுங்குவார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். வலி, அடைத்த சிறுநீர், ஆக்சிஜன் குறைவு, கழற்றி வைத்த கண்ணாடி, காது மெஷின் என்று முதலில் காரணத்தைத் தேடுங்கள். நோயாளிக்குக் கையுறை போடலாம், வீட்டு ஆளைப் பக்கத்தில் உட்கார வைக்கலாம். இத்தனைக்கும் பிறகு கட்டினால், எழுதிவிட்டுக் கட்டுங்கள்.

ஆளே இல்லாத நைட் டியூட்டியில் இதெல்லாம் நடக்காது. பழி மட்டும் நர்ஸ் தலையில். (போரூர், மறுபடியும்)

உங்கள் கோபம் நியாயம். ஒருவர் பார்க்க முடியாத எண்ணிக்கையைத் தலையில் கட்டுவது நிர்வாகத்தின் குற்றம், அதை டியூட்டி தொடக்கத்திலேயே கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஆனால் ஆள் குறைவு என்பதற்காக நோயாளியைக் கட்ட முடியாது. மனநல மருத்துவமனைகளுக்கு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97-ஆவது பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: தண்டனையாகக் கட்டக் கூடாது, ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டியும் கட்டக் கூடாது. அதே சட்டப்படி சங்கிலி எந்த வடிவிலும் கூடாது. பேச முடியாதவரின் கையைக் கட்டினால், அவர் உதவி கேட்கும் ஒரே வழியும் போய்விடுகிறது. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

கேஸ் ஷீட் காப்பி தர மறுக்கிறார்கள். (கொளத்தூர்)

எழுதிக் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்குங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடம்தான் அவகாசம்.

வீட்டுக்கு வருபவர் நர்ஸா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (குரோம்பேட்டை)

தாம்பரத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். இது மூன்றாவது முறை வரும் கேள்வி.

தனியாக இருக்கும் பெரியம்மாவின் ஏ.டி.எம். கார்டை நர்ஸ் வைத்திருக்கிறார். (அண்ணா நகர்)

முதலில் பேங்குக்குப் போன் செய்து கார்டை முடக்குங்கள். பிறகு போலீஸ். வழிகாட்டலுக்கு முதியோர் உதவி எண் 14567. இங்கேயும் அதேதான்: கார்டு முடங்கும் முன் அவரிடம் கேட்டுச் சண்டை போடாதீர்கள்.

நர்சிங் மாணவி நான். சீனியர் ஒருவர் மார்ஃபின் (கடும் வலிக்கான போதை மருந்து) ஆம்பியூலில் பாதியைக் கொட்டியதாக எழுதி என்னிடம் சாட்சிக் கையெழுத்து கேட்கிறார். கொட்டியதை நான் பார்க்கவில்லை.

போடாதீர்கள். "நான் பார்க்கவில்லை சிஸ்டர்" என்ற ஒரே வாக்கியம் போதும். மிச்ச மருந்தைக் கொட்டும்போது இரண்டு பேர் நேரில் பார்த்து, இரண்டு பேரும் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கட்டமே ரிஜிஸ்டரில் இருக்கிறது. அந்தப் பாதி காணாமல் போனால், வலியில் கிடக்கும் ஒருவருக்கு உப்புத் தண்ணீர் போயிருக்கலாம். தேதி, நேரம், படுக்கை எண், ஆம்பியூலின் பேட்ச் எண் எழுதி, இன்றே உங்கள் டியூட்டரிடமும் நர்சிங் கண்காணிப்பாளரிடமும் எழுத்தில் கொடுங்கள். காப்பி ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.