ஒன்பதாம் வகுப்பும் ஒன்பதாயிரம் டாலரும்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் தளத்தை நெடுநாளாக வாசித்துவருகிறேன். இலக்கியத்துக்குத் தொடர்பில்லாத கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் இந்த செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். தெரிந்தவர்கள் எல்லோரும் இப்போதே கல்லூரிக்கான ஏற்பாடுகளில் இறங்கிவிட்டார்கள். நாங்களும் ஒரு கன்சல்டன்டைப் பார்த்தோம். நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 9,000 டாலர் கேட்கிறார். அவள் ஒரு தொண்டு நிறுவனம் தொடங்க வேண்டும், ஆய்வுக் கட்டுரை வெளியிட வேண்டும், கோடையில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் முகாமுக்குப் போக வேண்டும் என்கிறார். அவளுக்கோ கராஜில் பழைய சைக்கிள்களைப் பிரித்து மாட்டுவதுதான் பிடித்திருக்கிறது. "அதையெல்லாம் விண்ணப்பத்தில் போட முடியாது" என்று சொல்லிவிட்டார். எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) கிடைத்தால் நல்லது என்பது என் கணவரின் ஆசை. எனக்கும் இல்லாமலில்லை. உங்கள் பிள்ளைகள் இங்கே படித்தவர்கள் என்பதால் கேட்கிறேன். நாங்கள் தாமதித்துவிட்டோமா?

வி.

அன்புள்ள வி.,

தாமதிக்கவில்லை. கன்சல்டன்ட் சொன்ன மூன்றுக்கும் இப்போது அவசரமே இல்லை. உண்மையிலேயே அவசரமான ஒன்றை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. செப்டம்பரில் உங்கள் மகள் எந்தக் கணக்கு வகுப்பில் உட்காரப்போகிறாள்?

அமெரிக்கப் பள்ளிக் கணிதம் ஓர் ஏணி. அல்ஜிப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜிப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ் என்பதுதான் பெரும்பாலான பள்ளிகளின் வரிசை. எட்டாம் வகுப்பிலேயே அல்ஜிப்ரா 1 முடித்த பிள்ளை ஆண்டுக்கு ஒரு படி ஏறினால் பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் படிக்கும். ஒன்பதில்தான் தொடங்குகிறது என்றால் ப்ரீகால்குலஸோடு பள்ளி முடிந்துவிடும். பொறியியல், இயற்பியல், பொருளியல் பக்கம் போக நினைப்பவர்களுக்கு அது பெரிய குறை. சரிசெய்ய வழி உண்டு. கோடை விடுமுறையில் ஜியோமெட்ரி படிக்கப் பல பள்ளிகள் அனுமதிக்கின்றன. சில இடங்களில் ஜியோமெட்ரியையும் அல்ஜிப்ரா 2வையும் ஒரே ஆண்டில் எடுக்கலாம். பாடத் தேர்வில் வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால் சொல்லிவிடுவார், அதற்குக் கட்டணம் கிடையாது. இதே கேள்வியைப் பதினொன்றாம் வகுப்பில் கேட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

எடுத்தவுடன் கணக்கைப் பிடித்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்ற தகவல் தொகுப்பை வெளியிடுகின்றன. இணையத்தில் யாரும் பார்க்கலாம். அதில் சி7 என்றொரு அட்டவணை உண்டு. எடுத்த பாடங்களின் கடினம், மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், பெற்றோர் அங்கே படித்தவர்களா என்பது வரை ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை தருகிறோம் என்று அவர்களே குறித்திருப்பார்கள். நுழைவது கடினமான கல்லூரிகள் பலவற்றில் பாடங்களின் கடினத்துக்கு நேரே 'மிக முக்கியம்' என்று இருக்கும். அந்தப் பாடப் பட்டியல் ஒன்பதாம் வகுப்பிலிருந்து எழுதப்படுகிறது. நீங்கள் முன்கூட்டித் திட்டமிடக்கூடியது அது ஒன்றுதான். அதற்காக ஏ.பி. எனப்படும் கல்லூரித் தரத்து வகுப்புகளை அடுக்கிக்கொண்டே போகவும் வேண்டாம். பள்ளியில் மொத்தம் எத்தனை ஏ.பி. உண்டு என்ற விவரத்தைக் கவுன்சிலர் விண்ணப்பத்தோடு அனுப்புகிறார். இருக்கும் பாடங்களில் எதைத் துணிந்து எடுத்தாள், எப்படிப் படித்தாள் என்றுதான் பார்ப்பார்கள்.

இனி சைக்கிள். அதை விண்ணப்பத்தில் போட முடியாது என்று சொன்னவர் எம்.ஐ.டி.யின் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தாரா என்று சந்தேகப்படுகிறேன். பெரும்பாலான கல்லூரிகள் பயன்படுத்தும் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பப் படிவத்தில் பத்துச் செயல்பாடுகளை எழுதலாம், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. எம்.ஐ.டி. அந்தப் பொதுப் படிவத்தை ஏற்பதே இல்லை. தன் சொந்தப் படிவத்தில் நான்கே நான்கு செயல்பாடுகளைக் கேட்கிறது. அதோடு, வெறும் மகிழ்ச்சிக்காக மட்டுமே நீ செய்யும் ஒன்றைச் சொல் என்ற பொருளில் ஒரு கட்டுரைக் கேள்வியையும் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. உங்கள் கராஜில் அதற்கு விடை ஏற்கெனவே இருக்கிறது.

கோணிய சக்கரத்தை நிமிர்த்துவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? ரிம் இடப்பக்கம் சாய்ந்திருந்தால், அந்த இடத்தில் வலப்பக்கத்து ஸ்போக்குகளை இறுக்க வேண்டும். கால் திருகு, அரைத் திருகு, அவ்வளவுதான். அதிகம் முறுக்கினால் ரிம் மறுபக்கம் போய்விடும், அல்லது வட்டமே கெட்டுவிடும். சக்கரத்தைச் சுழலவிட்டு, பிரேக் கட்டையில் எங்கே உரசுகிறது என்று பார்த்து, மீண்டும் கால் திருகு. பதினான்கு வயதில் இதை யாரும் சொல்லாமல் மணிக்கணக்கில் செய்யும் பெண் பொறுமையையும் விசைகளைப் பற்றிய ஓர் உள்ளுணர்வையும் சேர்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். ஆய்வுக் கட்டுரை எழுத வைப்பதாகச் சொல்லும் நிறுவனங்களிடம் அது கிடைக்காது.

ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு, அந்தச் சைக்கிள்களை வைத்தே ஒரு தொண்டு நிறுவனத்தைத் தொடங்கிவிடாதீர்கள். லோகோ, இணையதளம், 'நிறுவனர் மற்றும் தலைவர்' என்ற பட்டம் எல்லாம் வந்த மறுநாள் அவள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவாள். தெருவில் ஒரு குழந்தையின் சைக்கிளைச் சரிசெய்து தருகிறாளா, தரட்டும். பக்கத்துச் சைக்கிள் கடையில் சனிக்கிழமை வேலை கேட்கிறாளா, கேட்கட்டும். கேட்கவில்லை என்றாலும் சரி.

நண்பர்களின் பிள்ளைகள் எழுதிய விண்ணப்பக் கட்டுரைகளை நான் அவ்வப்போது படித்துப் பார்ப்பதுண்டு. நம்மவர் வீட்டுக் கட்டுரைகளைப் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் யாருடையது எது என்று சொல்ல முடியாது. ரோபாட்டிக்ஸ் அணி, வயலின் அல்லது பரதம், இந்தியாவில் ஒரு கிராமத்துக்குக் கணினி வாங்கிக் கொடுத்தது. பிள்ளைகள் மேல் தவறில்லை. ஒரே வாட்ஸாப் குழுவில் இருக்கும் அம்மா அப்பாக்கள் ஒரே திட்டத்தைத்தான் போடுவார்கள்.

கோடை முகாம்களில் இரண்டு வகை உண்டு. பல்கலைக்கழக வளாகத்தில் பணம் கட்டிச் சேரும் முகாம்கள் பல. பிடித்திருந்தால் போய்வரலாம், ஆனால் அங்கே போனதால் அந்தப் பல்கலைக்கழகத்தின் கதவு திறக்காது. எம்.ஐ.டி.யில் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. என்ற அறிவியல் ஆய்வு முகாம் போன்றவை வேறு வகை. அவற்றில் கடும் போட்டியில் தேர்ந்தெடுக்கிறார்கள், கட்டணமும் வாங்குவதில்லை. ஆர்.எஸ்.ஐ. பதினொன்றாம் வகுப்பு முடித்தவர்களுக்கானது, இன்னும் காலம் இருக்கிறது.

கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் அதைக் கட்டாயமில்லை என்று விட்ட கல்லூரிகளில் பல மீண்டும் கட்டாயமாக்கிவிட்டன. எம்.ஐ.டி. 2022இல், டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட் 2024இல். பதினொன்றாம் வகுப்பில் எழுதினால் போதும். இப்போது அதற்குப் பயிற்சி வகுப்பு என்றால், தூங்க வேண்டிய நேரத்தைத் திருடுவது. இந்த வயதில் எட்டு முதல் பத்து மணிநேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள்.

உங்கள் கணவருக்கு ஒன்று. 2028இல் பட்டம் பெற வேண்டிய அணிக்காக ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 54,008 பேர், இடம் பெற்றவர்கள் 1,937 பேர். நூற்றுக்கு நான்குகூட இல்லை. மறுக்கப்பட்டவர்களிலும் தகுதியானவர்கள் ஏராளம். அப்படி மறுக்கப்பட்டால் வாழ்க்கை என்னவாகும்? ஸ்டேஸி டேல், ஆலன் க்ரூகர் என்ற பொருளியலாளர்கள் 1976இல் கல்லூரியில் சேர்ந்தவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்கள், பின்னாளில் ஏறத்தாழ அதே அளவு சம்பாதித்தார்கள். வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரியால் தெளிவான பயன் இருந்தது. 2023இல் ராஜ் செட்டி குழுவினரின் ஆய்வு இதில் ஒரு திருத்தம் சொன்னது: சராசரி வருமானம் பெரிதாக மாறுவதில்லை, ஆனால் உச்சத்து ஒரு சதவீதத்தினரில் ஒருவராகும் வாய்ப்பு ஹார்வர்ட் போன்ற ஐவி வகைக் கல்லூரிகளால் கூடுகிறது. அந்த உச்சம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பது உங்கள் வீட்டு விவகாரம்.

கடைசியாகப் பணம். கல்லூரி உதவித்தொகைக்கான எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. படிவம் இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமான வரிக் கணக்கைப் பார்க்கிறது. உங்கள் மகள் பத்தாம் வகுப்பின் நடுவில் இருக்கும் ஜனவரியில் தொடங்கி, பதினொன்றாம் வகுப்பின் நடுவில் வரும் டிசம்பரில் முடியும் ஆண்டுதான் முதல் கணக்கு. பங்கு விற்பது போன்ற பெரிய வரவுகள் இருந்தால், அந்த ஆண்டில் விழாமல் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் உங்கள் குடும்பத்துக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும் என்று உத்தேசமாகக் காட்டும் கணிப்பான் இருக்கிறது. 2011 முதல் அது சட்டப்படி கட்டாயம். ஒரு மாலைப்பொழுதில் கணவரும் நீங்களும் எம்.ஐ.டி.க்கும் உங்கள் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸுக்கும் அதைப் போட்டுப் பாருங்கள். அந்த 9,000 டாலரை அதுவரை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.