மின்வாரியம் பிரிந்தபோது

கேள்வி: 2010-ல் தமிழ்நாடு மின்வாரியத்தின் சொத்தும் ஊழியர்களும் நேரடியாகவே புதிய நிறுவனங்களுக்கு மாறினவா? ஊழியர்களின் பழைய சர்வீஸ் (பணிக்காலம்) என்னவாகும்?

பதில்: நேரடியாக அல்ல. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 131-ன்படி சொத்து, உரிமை, கடன் எல்லாம் முதலில் மாநில அரசைச் சேரும். பிறகுதான் அரசு வெளியிடும் உரிமை மாற்றத் திட்டம் (transfer scheme) வழியே நிறுவனங்களுக்குப் போகும். அப்படித்தான் நவம்பர் 1 முதல் உற்பத்தியும் விநியோகமும் டான்ஜெட்கோவுக்கு, மின்தொடரமைப்பு (மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் கடத்தும் பணி) டான்டிரான்ஸ்கோவுக்கு என்று போயின.

ஊழியர்களுக்குப் பிரிவு 133தான் கவசம்: மாற்றமே நடக்காதிருந்தால் கிடைத்திருக்கும் பணி நிபந்தனைகளைவிடக் குறைத்துத் தரக்கூடாது. மாறியதற்கென்று தனி இழப்பீடு மட்டும் கேட்க முடியாது. பிரிவு 134 அதை அடைத்துவிட்டது.

இழுபறி பெரும்பாலும் நிலத்தில்தான். சட்டப்படி உரிமை மாறினாலும் பட்டா பழைய பெயரிலேயே கிடக்கும். வருவாய்த் துறையில் பெயர் மாற்றாமல் விட்டால், ஆக்கிரமிப்பு வழக்கில் நிறுவனத்திடம் கேட்கும் முதல் கேள்வியே 'நீங்கள் யார்?' என்பதுதான்.