விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு குரோமில் கறுப்புக் கட்டங்கள்: என்ன செய்யலாம்?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கேட்ட தம்பிக்கு: அப்டேட் முடிந்ததும் குரோமில் கறுப்புக் கட்டங்கள், எழுத்துச் சிதறல், வேர்டில் அந்தக் கோளாறு எதுவும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் திரை கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. தயவுசெய்து அவசரப்பட்டு ஃபார்மேட் செய்யாதீர்கள். எங்கள் வரிசை வீடுகளில் ஒரு பிள்ளையின் எஸ்.பி.எம். (மலேசிய இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) குறிப்புகள் முழுவதும் அப்படித்தான் போயின. இன்றும் மனம் ஆறவில்லை.

குரோம் பக்கங்களை வரைய கிராஃபிக்ஸ் சிப்பின் உதவியைப் பெறுகிறது. விண்டோஸ் அப்டேட் சில நேரம் அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரையும் மாற்றிவிடும். புது டிரைவரும் உலாவியும் ஒத்துப்போகாவிட்டால் இப்படி ஆகும்.

முதலில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒருமுறை மினுங்கி டிரைவர் புதிதாகத் தொடங்கும். பலனில்லையா? குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷனை அணைத்து, குரோமை மூடித் திறங்கள். கட்டங்கள் மறைந்தால் பெரும்பாலும் டிரைவர்தான் காரணம்.

ஆனால் ஆக்சிலரேஷனை அணைத்தபடியே விட்டுவிட வேண்டாம். வீடியோ வேலையும் பிராசசர் தலையில் விழும், பழைய மடிக்கணினி சூடாகும். டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் திறந்து, டிரைவர் பகுதியில் ரோல் பேக் கொடுங்கள். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் கணினியில் இல்லை என்று அர்த்தம். தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்குரியதை இறக்கிப் போடுங்கள். அப்புறம் ஆக்சிலரேஷனைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.