ஹியூமரஸ் தண்டின் மூன்று பரப்புகளை எலும்பில் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

கேள்வி: ஹியூமரஸின் (மேற்கை எலும்பின்) தண்டுக்கு ஆன்டீரோமீடியல் (முன்-உட்பக்கம்), ஆன்டீரோலேட்டரல் (முன்-வெளிப்பக்கம்), போஸ்டீரியர் (பின்பக்கம்) என்று மூன்று பரப்புகள் இருப்பதாகப் பாடத்தில் வருகிறது. எலும்பைக் கையில் எடுத்தால் மேல்பாதி வெறும் உருளையாக இருக்கிறது. ஒரு பரப்பு முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது? முன்பக்கத்துக்கு மட்டும் ஏன் இரண்டு பரப்பு?

பதில்:

மேல்பாதியில் பரப்பைத் தேடினால் கிடைக்காது. முதலில் விளிம்புகளைப் பிடியுங்கள். ஆன்டீரியர் (முன்), மீடியல் (உட்பக்கம்), லேட்டரல் (வெளிப்பக்கம்) என்று மூன்று பார்டர்கள், அதாவது விளிம்புகள். அவற்றுக்கு இடையில் மிஞ்சுவதுதான் பரப்பு. தண்டு கீழ்ப்பாதியில் முக்கோணப் பட்டகம், மேல்பாதியில் உருளை. முக்கோணத்தின் தட்டையான அடிப்பக்கம் பின்னால், உச்சி முன்னால். இந்த மூன்று பெயர்களும் கண்ணுக்கு ஒழுங்காகப் பொருந்துவது கீழ்ப்பாதியில்தான். மேல்பாதியில் அதே கோடுகளை நீட்டிக்கொண்டு போகிறோம், அவ்வளவுதான்.

அதற்கு முன் எலும்பைச் சரியாகப் பிடிக்க வேண்டும். பாதிக் குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. தலை மேலே, ஓலெக்ரானான் குழி (கீழ்முனையில் உள்ள பெரிய பள்ளம்) பின்னால், பெரிதாகத் துருத்தி நிற்கும் எபிகாண்டைல் (கீழ்முனையின் பக்கவாட்டுப் புடைப்பு) மீடியல் பக்கம். இரண்டு எபிகாண்டைல்களையும் இட வலமாக ஒரே நேர்கோட்டில் வையுங்கள். அப்படி வைத்தால் தலை மீடியலாகவும் மேல்நோக்கியும், கொஞ்சம் பின்னால் திரும்பியும் இருக்கும். இந்தப் பின்திருப்பம் பொதுவாக 20 முதல் 30 டிகிரி வரை, ஆளுக்கு ஆள் மாறும். பலர் தலையைச் சரியாக மீடியலுக்குத் திருப்பிப் பிடித்துவிடுவார்கள். உடனே கீழ்முனை அதே அளவு வெளிப்புறமாகச் சுழன்று, ஆன்டீரோமீடியல் பரப்பு நேர் முன்னால் வந்து நிற்கும். அதைக் காட்டி "இது ஆன்டீரியர் சர்ஃபேஸ்" என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகத்தான் வரும். ஹியூமரஸ் தண்டில் அந்தப் பெயரில் தனிப் பரப்பே கிடையாது.

இனி விளிம்புகள். மீடியல், லேட்டரல் இரண்டையும் கீழிருந்து மேலே தடவிக்கொண்டு போங்கள். ஆன்டீரியரை மட்டும் மேலிருந்து கீழே. எந்த முனையில் விளிம்பு கூர்மையாக இருக்கிறதோ அங்கே தொடங்குவதுதான் இதன் சூட்சுமம்.

மீடியல் பார்டர் மீடியல் எபிகாண்டைலில் கூர்மையான சுப்ராகாண்டைலர் ரிட்ஜாக (எபிகாண்டைலுக்கு மேலுள்ள மேட்டுக்கோடாக) தொடங்கும். நடுவில் கோரக்கோபிரேக்கியாலிஸ் தசை சேரும் மெல்லிய சொரசொரப்பைக் கடந்து, மேலே லெஸ்ஸர் டியூபர்கிளின் (மேல்முனையிலுள்ள சிறிய புடைப்பின்) கிரெஸ்ட்டில், அதாவது மேட்டுக்கோட்டில், போய்ச் சேரும். லேட்டரல் பார்டரும் அப்படியே லேட்டரல் எபிகாண்டைலில் கூர்மையாகத் தொடங்கும். ஆனால் நடுவில் ரேடியல் குரூவ் (ரேடியல் நரம்பு ஓடும் பள்ளம்) குறுக்கே வந்து அதை அறுத்துவிடும். அதற்கு மேல் விளிம்பு மழுங்கலாகி, கிரேட்டர் டியூபர்கிளின் (பெரிய புடைப்பின்) பின்பகுதியை நோக்கிப் போகும். விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால் உங்கள் விரலில் குறையில்லை. உண்மையிலேயே அங்கே தெளிவான விளிம்பு இல்லை.

ஆன்டீரியர் பார்டர் பைசிப்பிட்டல் குரூவின் (இரண்டு டியூபர்கிள்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தின்) லேட்டரல் உதடாக, அதாவது கிரேட்டர் டியூபர்கிளின் கிரெஸ்ட்டாகத் தொடங்கும். பெக்டொராலிஸ் மேஜர் என்ற மார்புத் தசை சேரும் இடம் அது. அங்கிருந்து இறங்கி, டெல்டாய்டு டியூபரோசிட்டியின் (டெல்டாய்டு என்ற தோள் தசை சேரும் மேட்டின்) முன்னோரமாகி, பிறகு வழவழவென்று உருண்டு, கடைசியில் ரேடியல் குழிக்கும் கோரனாய்டு குழிக்கும் நடுவிலுள்ள மேட்டில் முடியும்.

ஆன்டீரியருக்கும் லேட்டரலுக்கும் நடுவே உள்ளது ஆன்டீரோலேட்டரல் பரப்பு. தண்டின் நடுவுக்குச் சற்று மேலே டெல்டாய்டு டியூபரோசிட்டி இதன்மேல்தான் இருக்கிறது. மேல்பகுதியில் இந்தப் பரப்பு கிட்டத்தட்ட நேராக லேட்டரலைப் பார்க்கும், கீழே வந்தால்தான் முன்னும் லேட்டரலுமாகத் திரும்பும். டியூபரோசிட்டியை "லேட்டரல் சர்ஃபேஸில்" என்று பலர் எழுதிவிடுவது இதனால்தான். திசை மாறினாலும் பெயர் மாறாது, ஏனென்றால் பெயரைத் தீர்மானிப்பது விளிம்பு.

ஆன்டீரியருக்கும் மீடியலுக்கும் நடுவே உள்ள ஆன்டீரோமீடியல் பரப்பு அதைவிடக் குறுகியது. மேல்முனையில் சுருங்கி, பைசிப்பிட்டல் குரூவின் தரையாகவே ஆகிவிடும். அந்தத் தரையில் லட்டிசிமஸ் டோர்சை, லேட்டரல் உதட்டில் பெக்டொராலிஸ் மேஜர், மீடியல் உதட்டில் டெரிஸ் மேஜர். இரண்டு மேஜர்களுக்கு நடுவில் ஒரு லேடி (லட்டிசிமஸ்) என்ற பழைய மனப்பாட வரி இங்கே வேலைக்கு ஆகும். நியூட்ரியன்ட் ஃபொராமென் (எலும்புக்குள் இரத்தக்குழாய் நுழையும் துளை) பெரும்பாலும் இந்தப் பரப்பில், நடுவுக்குச் சற்றுக் கீழே, மீடியல் பார்டரை ஒட்டி இருக்கும். துளை முழங்கையை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஒரு மெல்லிய குச்சியை விட்டுப் பாருங்கள், எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். உடைந்த துண்டு ஒன்றை வைத்து மேல் கீழ் சொல்லச் சொன்னாலும் இது கைகொடுக்கும்.

போஸ்டீரியர் பரப்பு, மீடியல் லேட்டரல் பார்டர்களுக்குப் பின்னால் உள்ள பகுதி முழுவதும். இது பிழிந்த துணி மாதிரி லேசாக முறுகியிருக்கும்: மேல்பகுதி சற்று மீடியலாகவும், கீழ்ப்பகுதி பின்னாலும் கொஞ்சம் லேட்டரலாகவும் பார்க்கும். ரேடியல் குரூவ் இதன்மேல் மீடியலில் தொடங்கிச் சாய்வாக இறங்கி, லேட்டரல் பார்டரைத் தாண்டி, டெல்டாய்டு டியூபரோசிட்டிக்குக் கீழே ஆன்டீரோலேட்டரல் பரப்பில் கரைந்துவிடும். அதனால் குரூவை இரண்டு பரப்புகளுக்கு நடுவிலுள்ள எல்லை என்று சொல்லக் கூடாது. அது எல்லையை வெட்டிக்கொண்டு போகும் பாதை. குரூவுக்கு மேலே ட்ரைசெப்ஸ் என்ற பின்பக்கத் தசையின் லேட்டரல் ஹெட், கீழே மீடியல் ஹெட். லாங் ஹெட் இந்த எலும்பிலேயே இல்லை, அது ஸ்காப்புலாவிலிருந்து (தோள்பட்டை எலும்பிலிருந்து) வருவது.

முன்பக்கம் ஏன் இரண்டு என்ற கேள்விக்கு வருவோம். மீடியல், லேட்டரல் சுப்ராகாண்டைலர் ரிட்ஜ்களில் இன்டர்மஸ்குலர் செப்டங்கள் (தசைகளைப் பிரிக்கும் தடுப்புச் சவ்வுகள்) ஒட்டுகின்றன. கையை முன் அறை, பின் அறை என்று பிரிப்பது அவைதான். பின் அறைக்கு ஒரே பரப்பு. முன் அறைக்குரிய பகுதியின் நடுவே ஆன்டீரியர் பார்டர் முக்கோணத்தின் உச்சியாக நீட்டிக்கொண்டிருப்பதால் அது இரண்டு சரிவாகிறது. தசைக்கு அந்தப் பிரிவு பெரிய விஷயமில்லை: பிரேக்கியாலிஸ் தசை இரண்டு சரிவிலிருந்தும் கிளம்பி, மேலே டெல்டாய்டு சேருமிடத்தை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிறது. என்னைக் கேட்டால் முன், பின் பிரிவை முதலில் மனதில் ஏற்றிக்கொண்டு, முன்பக்கத்தைப் பிறகு இரண்டாக வெட்டுவதுதான் எளிது.

அறுவை அரங்கில் இந்தப் பெயர்கள் வெறும் பெயர்கள் இல்லை. ஆன்டீரோலேட்டரல் வழியில் போய் முறிவுக்குப் பிளேட் (உலோகத் தகடு) வைக்கும்போது பிரேக்கியாலிஸை நீளவாக்கில் பிளப்பார்கள். அதன் லேட்டரல் பகுதிக்கு ரேடியல் நரம்பும் மீடியல் பகுதிக்கு மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பும் போவதால், பிளந்த பிறகும் இரண்டு பாதியும் வேலை செய்யும். ஆனால் நடுத்தண்டில் முன்னாலிருந்து பின்னால் துளையிடும்போது, டிரில் முனை பின்பரப்பில் கொஞ்சம் அதிகமாக வெளியே வந்தாலும் ரேடியல் நரம்பில் பட்டுவிடும். குரூவின் பெரும்பகுதியில் அந்த நரம்புக்கும் எலும்புக்கும் இடையில் ட்ரைசெப்ஸ் இழைகள் மெல்லியதாக இருக்கும். லேட்டரல் எபிகாண்டைலுக்குச் சுமார் 10 செ.மீ. மேலே அது லேட்டரல் செப்டத்தைத் துளைத்து முன் அறைக்கு வரும் இடத்தில் எலும்போடு ஒட்டி, அசைய இடமில்லாமல் இருக்கும். தண்டின் கீழ் மூன்றில் ஒரு பகுதியில் வரும் சுருள் முறிவில் மணிக்கட்டு தொங்கிப்போவதற்கு இது முக்கியக் காரணம். 1963-இல் ஹோல்ஸ்டீன், லூயிஸ் இருவரும் விவரித்த முறிவு இதுவே.

இன்னொன்றையும் பார்த்து வையுங்கள். சுமார் நூறு பேரில் ஒருவருக்கு, மீடியல் எபிகாண்டைலுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. மேலே, ஆன்டீரோமீடியல் பரப்பில் ஒரு சிறு கொக்கி இருக்கும். சுப்ராகாண்டைலர் பிராசஸ் என்று பெயர். அங்கிருந்து எபிகாண்டைலுக்கு ஒரு லிகமென்ட் (இணைப்பு நார்) ஓடினால், மீடியன் நரம்பும் சில சமயம் பிரேக்கியல் தமனியும் அதன் அடியில் நசுங்கலாம். எக்ஸ்ரேயில் இதை ஆஸ்டியோகாண்ட்ரோமா என்ற எலும்புக் கட்டி என்று நினைத்துவிடுவதும் உண்டு. கொக்கி மூட்டை நோக்கி வளைந்திருக்கும், கட்டி மூட்டை விட்டு விலகி வளரும்.

கடைசியாக, மற்ற எலும்புகளின் பெயர்களை இங்கே கொண்டுவராதீர்கள். டிபியாவுக்கு (முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்புக்கு) மீடியல், லேட்டரல், போஸ்டீரியர். முன்கை எலும்புகளில் ரேடியஸுக்கு ஆன்டீரியர், போஸ்டீரியர், லேட்டரல். அல்னாவுக்கு ஆன்டீரியர், போஸ்டீரியர், மீடியல். ஆன்டீரோ என்று தொடங்கும் இரட்டைப் பெயர் வந்தால், கையின் நீள எலும்புகளில் அது ஹியூமரஸ்தான்.